‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று சொன்னால் உடனே நம்பலாமா? சைடு பை சைடு ஃபிரிட்ஜ் கேள்வி - பதில்

இரண்டு கதவும் பக்கம் பக்கமாகத் திறக்கிற பெரிய ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் இந்த மாதம் எழுதிய கேள்விகளில் பாதியில் ‘கேஸ்’ என்கிற வார்த்தை இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன், ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்காமலே யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். அதனால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (வாசகி, மடிப்பாக்கம்): ஐயா, வாங்கி நாலு வருஷம் ஆகிறது. இடது பக்கம் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் கல் மாதிரி இருக்கிறது. வலது பக்கம்தான் ஜில்லென்றே இல்லை. காலையில் வைத்த பால் மறுநாள் திரிந்துபோகிறது, இட்லி மாவு பொங்கி வழிகிறது. வந்து பார்த்த மெக்கானிக் ஐந்தே நிமிஷத்தில் ‘கேஸ் தீர்ந்துபோச்சு, 6,500 ரூபாய் ஆகும்’ என்றார். கொடுக்கலாமா?

பதில்: இன்னும் கொடுக்காதீர்கள் அம்மா. ஐஸ்கிரீம் கல் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சைடு பை சைடில் பெரும்பாலான மாடல்களில் குளிர் உண்டாக்குகிற காயில் ஒன்றே ஒன்றுதான், அது ஃப்ரீசரின் பின்சுவருக்குள் இருக்கும். வலது பக்கத்துக்கென்று தனியாக எதுவும் கிடையாது. காயிலுக்கு மேலே இருக்கிற ஃபேன் குளிர்காற்றைத் தள்ளும், நடுச்சுவரில் டேம்பர் என்கிற சின்ன ஜன்னல் திறந்து வழிவிடும், அந்தக் காற்றில்தான் உங்கள் பாலும் தயிரும் கெடாமல் இருக்கின்றன. கேஸ் குறைந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து தளரும், ஐஸ்கிரீமில் கரண்டி சுலபமாக இறங்கும். உங்கள் வீட்டில் குளிர் உண்டாகிறது, ஆனால் பக்கத்து அறைக்குப் போய்ச் சேரவில்லை.

முதலில் செலவில்லாத ஒன்றைப் பாருங்கள். வலது பக்கம் மேல் தட்டில் பின்சுவரில் காற்று வருகிற துளைகள் இருக்கும். அதை அடைத்துக்கொண்டு மாவுத் தூக்கோ குழம்புப் பாத்திரமோ உட்கார்ந்திருக்கிறதா? நான் போன எத்தனையோ வீடுகளில் ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைத்ததோடு வேலை முடிந்திருக்கிறது. துளைகள் திறந்துதான் இருக்கின்றன என்றால், உள்ளங்கையை அங்கே வைத்து, கதவு திறந்தால் லைட் எரிய வைக்கிற சுவிட்சை இன்னொரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். கதவு திறந்திருக்கும்போது பல மாடல்களில் ஃபேன் நின்றுவிடும் என்பதால்தான் இப்படிச் செய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில் கையில் காற்று படவேண்டும். சுத்தமாக இல்லை என்றால் ஃபேன் ஓடவில்லை, அல்லது டேம்பர் மூடியபடி மாட்டிக்கொண்டது, அல்லது நான் அதிகம் பார்த்திருக்கிற மூன்றாவது காரணம், காயிலைச் சுற்றிப் பனி அடைத்துக்கொண்டது.

கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று உள்ளே போய்க் காயிலில் பனியாகப் படியும். அதைக் கரைப்பதற்கென்றே காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது, அது அவ்வப்போது தானாக எரிந்து அணையும். அந்த ஹீட்டரோ, சென்சாரோ, அதை இயக்குகிற போர்டோ கெட்டால் பனி கரையாது. நாளாக நாளாக அது தெர்மாகோல் பலகை மாதிரி வெள்ளையாக இறுகி, காற்று போகிற இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். ஃபேன் இறக்கை பனியில் உரசி ‘கர்ர்’ என்று சத்தம் வருவதும் இதனால்தான்.

இதை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. சாமான்களையெல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் ஒரு முழு நாள், 24 மணி நேரம், திறந்து வையுங்கள். தரையில் பழைய துண்டுகளைப் போட்டுவிடுங்கள், நிறையத் தண்ணீர் வரும். திரும்பப் போட்டதும் வலது பக்கம் பழையபடி ஜில்லென்று ஆகி, ஒன்றிரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டால் கோளாறு பனி கரைக்கிற பகுதியில்தான். கேஸ் போயிருந்தால் ஒரு நாள் அணைத்து வைத்ததில் அது திரும்பி வராது. நீங்கள் போய் அந்த மெக்கானிக்கிடம் ‘ஹீட்டரையும் சென்சாரையும் மீட்டர் வைத்துப் பாருங்கள்’ என்று சொல்லலாம்.

கேஸ் பற்றி இன்னொன்று. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல அது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடித்தால் அதுவும் போய்விடும். உண்மையிலேயே கேஸ் குறைந்த ஃபிரிட்ஜில் ஃப்ரீசரின் பின்தகட்டைக் கழற்றினால் காயிலின் ஒரு ஓரம் மட்டும் வெள்ளை பூத்து, மீதிப் பாதி காய்ந்து கிடக்கும். ‘அந்தத் தகட்டைக் கழற்றிக் காட்டுங்கள்’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேளுங்கள். ஒரு சில மாடல்களில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் காயில் இருக்கும். அது உங்கள் கையேட்டில் போட்டிருக்கும், அந்த மாடலில் வலது பக்கத்துக் காயிலையும் ஃபேனையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி (வாசகர், திருச்சி): ஃப்ரீசரின் அடியில் கண்ணாடி போல ஐஸ் தகடு உருவாகிறது. கத்தியால் கொத்தி எடுத்தாலும் பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. சில நாள் தண்ணீர் தரைக்கும் வருகிறது.

பதில்: முதலில் கத்தியைக் கீழே போடுங்கள். ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டில் இப்படித்தான் ஸ்குரூ டிரைவரால் ஐஸைக் குத்தியிருக்கிறார்கள். ‘ஸ்ஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம், சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி. அவ்வளவுதான், கேஸ் ஓடுகிற குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை, நான் போனபோது அந்த அம்மா வாயே திறக்காமல் நின்றிருந்தார். ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. இப்போது வருகிற பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் ஆர்600ஏ என்கிற கேஸ்தான், நம் அடுப்பு கேஸின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். எப்போதாவது அந்தச் சத்தம் கேட்டால் எந்த சுவிட்சையும் தொடாமல், அடுப்பு பற்ற வைக்காமல், ஜன்னல் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சரி, உங்கள் பிரச்சினை. ஹீட்டர் கரைக்கிற பனித்தண்ணீர் காயிலுக்குக் கீழே ஒரு துளை வழியாக இறங்கி, குழாயில் போய், பின்னால் கம்ப்ரசருக்கு மேலே இருக்கிற ட்ரேயில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். துளையில் ஒரு கொத்தமல்லி இலையோ பாலித்தீன் துண்டோ போய் மாட்டினால் தண்ணீர் தேங்கி அங்கேயே உறைந்து, பிறகு ஃப்ரீசர் தரையில் பரவிவிடும். நீங்கள் கொத்தி எடுப்பது பரவிய தண்ணீரை மட்டும்தான், அடைப்பு உள்ளே அப்படியே இருக்கிறது. ஃபிரிட்ஜை அணைத்து ஐஸ் முழுக்கத் தானாகக் கரையட்டும். மருந்துக் கடையில் கிடைக்கிற பெரிய சிரிஞ்சில் (ஊசி வேண்டாம்) வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து அந்தத் துளையில் மெதுவாக விடுங்கள், கொதிக்கிற தண்ணீர் கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். பின்னால் ட்ரேயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் விடுங்கள். துளை கண்ணில் படாத மாடலாக இருந்தால் பின்தகட்டைக் கழற்ற வேண்டும், அதற்கு ஆள் கூப்பிடுவதே நல்லது. அப்புறம் அந்த ட்ரேயையும் ஒருமுறை கழுவிவிடுங்கள், ‘எவ்வளவு துடைத்தாலும் ஃபிரிட்ஜ் நாற்றம் போகவில்லை’ என்று எழுதுகிறவர்களில் பல பேருக்கு நாற்றம் வருவது அங்கிருந்துதான்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): இரண்டு கதவும் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக நிற்கின்றன. வலது கதவு தானாகச் சாத்துவதில்லை, ரப்பர் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: ரப்பரைக் கடைசியில் பார்ப்போம். சாமான்களோடு 100 கிலோவைத் தாண்டுகிற பெட்டி இது, தரை கொஞ்சம் சரிந்திருந்தாலும் கதவில் தெரியும். கீழே முன்பக்கத்துத் தகட்டை எடுத்தால் இரண்டு மூலையிலும் திருகிற கால்கள் இருக்கும். தணிந்து நிற்கிற கதவின் பக்கத்துக் காலை ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள், வீட்டில் இன்னொருவர் மேலே கை கொடுத்துக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடித்தால் திருகுவது சுலபம். மொத்தத்தில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட நூலளவு உயரமாக இருக்க வேண்டும், அப்போதுதான் பாதி திறந்த கதவு தானாகவே போய்ச் சாத்தும். கதவுத் தட்டில் இரண்டு லிட்டர் பாட்டில்களாக அடுக்கியிருந்தால் அதையும் குறையுங்கள்.

அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் அந்த இடத்தில் ரப்பர் நன்றாக இருக்கிறது, சும்மா உருவிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. நாலு பக்கமும் பார்க்க வேண்டும். பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு மடிப்புக்குள் இருக்கிற பிசுக்கைத் தேய்த்து எடுத்தாலே பாதி ரப்பர்கள் திரும்ப ஒட்டும். வளைந்துபோன இடத்தில் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, கையால் நீவி, கதவைச் சாத்தி வையுங்கள். கிழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி (வாசகர், ஈரோடு): இரண்டு பக்கத்துச் சுவரும் நடுத்தண்டும் கை வைக்க முடியாத சூடு. வெடித்துவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடுகிற குழாய்களை இப்போது சுவருக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள், நடுத்தண்டில் ஓடுவது கதவோரம் வியர்க்காமல் இருக்க. புதிதாக வாங்கிய முதல் சில நாளும் சித்திரை வெயிலிலும் சூடு கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சூடு போக இடம் வேண்டுமே! பக்கத்திலும் பின்னாலும் இரண்டு அங்குலமாவது விடுங்கள், மேலே அட்டைப்பெட்டி அடுக்காதீர்கள். மரவேலைக்காரர் அலமாரிக்குள் இறுக்கி அடைத்துக் கொடுத்திருந்தால் அந்த மரத்தைத்தான் வெட்ட வேண்டும்.

கேள்வி (வாசகி, கோயம்புத்தூர்): ஐஸ் கட்டியில் ஒரு வாடை வருகிறது.

பதில்: தண்ணீர் ஃபில்டரை ஆறு மாசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு வருகிற முதல் சில லிட்டர் தண்ணீரையும் முதல் தட்டு ஐஸையும் கொட்டிவிடுங்கள். குழாய் இணைப்பு இல்லாமல் தொட்டியில் ஊற்றுகிற மாடல் என்றால் தொட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள். மூடாமல் வைத்த மீன் இருந்தாலும் ஐஸ் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி (வாசகர், தூத்துக்குடி): 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. காய்ந்த பிறகு பிளக் போட்டதும் டப் என்று போர்டு போய்விட்டது. இனி அப்படி ஆனால் என்ன செய்வது?

பதில்: உங்கள் ஊரில் அந்த வாரம் எத்தனை வீட்டில் இப்படி நடந்திருக்கும் என்று நினைத்தாலே மனசு கனக்கிறது. தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்குங்கள், கால் நனைந்த பிறகு சுவிட்ச் போர்டு பக்கம் போகவே வேண்டாம். கதவைத் திறக்காமல் வைத்தால் வலது பக்கம் சுமார் 4 மணி நேரமும் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும் தாங்கும், பாதி காலி என்றால் 24 மணி நேரம்தான். வெள்ளத்தண்ணீர் பட்ட உணவை எடுக்கக் கூடாது, மூடி போட்ட டப்பாவில் இருந்தாலும்தான். கம்ப்ரசர் இருக்கிற அடிப்பகுதி முங்கியிருந்தால் எத்தனை நாள் காய்ந்தாலும் நீங்களாகப் பிளக் போடாதீர்கள். வெளியே காய்ந்து தெரிந்தாலும் கனெக்டருக்குள் சேறும் ஈரமும் இருக்கும், ஆள் வந்து கழற்றிச் சுத்தம் செய்து மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். முடிந்தால் அடுத்த மழைக்கு முன் ஒரு அடி உயரத்துக்கு சிமெண்ட் மேடை கட்டி அதன் மேல் வைத்துவிடுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், மன்னார்குடி): அண்ணா, வீடியோ பார்த்து நானே சரி செய்யலாம் என்று நினைக்கிறேன். எதுவரை தொடலாம்? அடிக்கடி கரண்ட் போய் வருகிறது, ஸ்டெபிலைசர் வேண்டுமா?

பதில்: தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள் தம்பி. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்கத் தூசியை பிரஷால் தட்டுவது, ரப்பர், கால், தண்ணீர்த் துளை, ட்ரே, லைட் எல்லாம் உங்கள் கைக்குள் அடங்கும். பின்மூடியைத் திறந்தால் போர்டு இருக்கிற பெட்டிக்குள் பல்லியோ கரப்பானோ செத்துக் கிடக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், நம் ஊரில் போர்டு போவதற்கு அதுவும் ஒரு காரணம். கை மட்டும் வைக்க வேண்டாம், கம்ப்ரசரை ஓட்டுகிற இன்வெர்ட்டர் போர்டில் கரண்டைச் சேர்த்து வைக்கிற கப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஷாக் அடிக்கும். காப்பர் குழாய், கேஸ், வெல்டிங் பக்கம் போகவே கூடாது. ஆர்600ஏ ஒரு ஃபிரிட்ஜுக்கு 100 கிராமுக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். அதை எடைத் தராசு வைத்து, குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வாக்கியூம் பம்ப் போட்டு, முறையாகப் படித்தவர் மட்டும் ஏற்ற வேண்டும். தராசு இல்லாமல் கையை வீசிக்கொண்டு கேஸ் அடிக்க வருகிறவரை அம்மாவிடம் சொல்லி வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஸ்டெபிலைசர் பற்றி: உள்ளே ஒரு ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ எத்தனை வோல்ட் முதல் எத்தனை வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டு வோல்டேஜ் அதைத் தாண்டி ஏறி இறங்குகிறதா என்று ஒரு வாரம், முக்கியமாக மோட்டார் ஓடுகிற நேரத்திலும் இரவு பத்து மணிக்கு மேலும், அளந்து எழுதுங்கள். தாண்டினால் வாங்குங்கள், மறுபடி கரண்ட் வந்தபின் சில நிமிஷம் தாமதித்துக் கொடுக்கிற வகையாகப் பார்த்து. எர்த் இருக்கிற தனி பிளக் பாயிண்ட் வேண்டும், மிக்ஸியோடு சேர்த்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்ட வேண்டாம். அந்த அளவுகளை எனக்கும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.