முள்ளுக்காட்ட அழிக்கிறது எப்படி: கேளுங்க, சொல்றேன்

மதுரை, திருமங்கலம், மேலூர், காரியாபட்டி சுத்துவட்டாரத்துல சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்குற நிலத்தச் சுத்தம் பண்ணிக் குடுக்குற காண்ட்ராக்ட்தான் நமக்குத் தொழில். கேக்குறவங்க ஊரு, மண்ணு, எத்தன ஏக்கருன்னு சொல்லிக் கேளுங்க, அப்பத்தான் உருப்படியா ஏதாவது சொல்ல முடியும். காட்டப் பாக்காம ரேட் மட்டும் சொல்ல மாட்டேன்.

கேள்வி (கள்ளிக்குடி பக்கம்): அண்ணே, 4 ஏக்கர் கரிசல், தாத்தா காலத்தோட வெள்ளாமை நின்னு போச்சு, இப்ப ஆள் உள்ள நுழைய முடியாத அளவுக்கு சீமைக்கருவேலம். ஒரு விறகு வியாபாரி நானே வெட்டிக்கிறேன், உங்களுக்கு மேல காசும் தர்றேங்கிறாரு. விட்டுறலாமா?

பதில்: தாராளமா விடுங்க தம்பி, ஆனா அதுக்குப் பேரு சுத்தம் பண்றது இல்ல, அறுவடை. அவருக்கு வேண்டியது தடி விறகு, அத தரையோட வெட்டி எடுத்துட்டுப் போயிருவாரு, தூரு, அதாவது அடிக்கட்டையும் வேரும், உள்ளேயே கெடக்கும். இந்த மரத்துக்கு உசுரே தூர்லதான், மண்ணுக்குள்ள முக்கா அடி ஒரு அடி வரைக்கும் மொட்டு இருக்கு, மேல வெட்டுனா ஒத்தத் தண்டா நின்னது பத்துப் பன்னெண்டு கெளையா புதரா வரும், அடுத்த மழைக்கே இடுப்பு ஒசரம் வந்துரும். 2017-ல ஹைகோர்ட் மதுரைக் கிளை இந்த மரத்த எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டப்ப ஊருக்கு ஊரு ஜேசிபி ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? தூரோட எடுத்த எடம் இன்னைக்கும் சுத்தமாத்தான் இருக்கு, கணக்குக்கு மேலால வெட்டிவிட்ட எடத்தப் போய்ப் பாருங்க, முன்னைக்கு இப்ப அடர்த்தி.

அதனால வியாபாரிகிட்ட ஒரே ஒரு கண்டிசன் போடுங்க, பெரிய மரத்தையெல்லாம் தரையோட வெட்டக்கூடாது, ரெண்டு மூணு அடி கட்டைய விட்டுத்தான் வெட்டணும். பின்னாடி வண்டி வரும்போது பக்கெட்டுக்குப் பிடிமானம் வேணும்ல, கட்டையத் தள்ளி ஆட்டுனா தூரு தானா எளகி வரும். தரையோட வெட்டிட்டா தூரு எங்க இருக்குன்னே தெரியாது, தோண்டித் தேடுற ஒவ்வொரு நிமிசமும் உங்க காசு. அவரு மொணங்குவாரு, அந்த ரெண்டடியிலதான் எடை நிக்கும். அதுக்குத் தக்கன காசக் கொறச்சுக்கங்க, பரவால்ல.

கேள்வி (அதே ஆளு): அப்ப ஜேசிபியா ஹிட்டாச்சியாண்ணே? மணிக்கணக்கா, மொத்தமா பேசலாமா?

பதில்: கை மொத்தம் இருக்குற மரம்னா ஜேசிபி போதும், தொடை மொத்தத்துக்கு மேல போச்சுன்னா ஹிட்டாச்சி, அதான் செயின் வண்டிதான். இன்னொன்னு, முள்ளுக்காட்டுக்குள்ள ஜேசிபி டயரு படுற பாடு இருக்கே, ஒரு பஞ்சர் ஆச்சுன்னா அன்னைக்கு வேலை போச்சு. செயின் வண்டிக்கு அந்தக் கவல இல்ல, ஆனா அது ரோட்டுல ஓடி வராது, லாரியில ஏத்திக் கொண்டாரணும், அந்தச் செலவு போக வர உங்க தலையில. ஒரு ஏக்கருக்குன்னு வரவச்சா கட்டுபடி ஆகாது, பக்கத்துக் காட்டுக்காரர் ரெண்டு மூணு பேரச் சேத்துக்கங்க.

மணிக்கணக்குன்னா காலையில வண்டி மீட்டர போட்டோ எடுத்து வச்சுக்கங்க, சாயங்காலமும் எடுங்க, அதுல வெக்கம் என்ன இருக்கு. டீசல் யாருது, டிரைவர் பேட்டா யாருது, சாப்பாடு யாருதுன்னு மொதல்லயே பேசிருங்க. மொத்தமாப் பேசுனா "தூரோட" அப்படிங்கிற ஒரு வார்த்தைய எழுதி வாங்குங்க, இல்லேன்னா வேகமா முடிக்கணும்னு முன் பக்கெட்ட வச்சு வழிச்சுத் தள்ளிட்டுப் போயிருவாங்க. பாக்க மைதானம் மாதிரி இருக்கும், ஆனா மேல் மண்ணு அம்புட்டும் ஓரத்துக் குவியலுக்குப் போயிருக்கும், தூரு பூராம் உள்ளேயே இருக்கும். பின் பக்கெட்டால தூரு தூரா நோண்டி எடுத்து, மண்ண ஒதறிட்டு, அப்புறம் ஒதுக்குறதுதான் வேலை. மெதுவாத்தான் போகும்.

வேளாண் பொறியியல் துறையிலயும் வண்டி வாடகைக்குக் குடுக்குறாங்க, உழவன் ஆப்புலயே பதியலாம், வெளிய விடக் கொறச்சல்தான். சீசன்ல வரிசை நீளமா இருக்கும், முன்கூட்டியே பதிஞ்சு வைங்க.

கேள்வி (பேரையூர்ல நிலம், இருக்குறது பெங்களூரு): சார், வெட்டுன தூர்ல களைக்கொல்லி ஊத்துனா செத்துரும்னு வீடியோல பாத்தேன். ஒருத்தர் ஆசிட் ஊத்தச் சொல்றாரு, ஒருத்தர் உப்பு. எது நல்லது?

பதில்: ஆசிட்டும் உப்பும் மரத்துக்கு முன்னாடி மண்ணக் கொல்லும், அந்தப் பேச்சே வேணாம் சார். களைக்கொல்லின்னு கடையில எடுத்துக் குடுக்குறது பெரும்பாலும் கிளைபோசேட், அத 2022 அக்டோபர்ல இருந்தே மத்திய அரசு கட்டுப்படுத்திருச்சு, லைசென்ஸ் வச்ச பூச்சிக்கட்டுப்பாட்டு ஆளுக மூலமாத்தான் அடிக்கணும். அது போக கோரை, அருகுக்குக் கேக்குற மருந்து இந்த மொத்தத் தூருக்குக் கேக்கும்னு நம்பி ஏக்கர்கணக்குல எறங்காதீங்க. வண்டிக்குக் குடுக்குற காசு தெண்டம் இல்ல.

கேள்வி (காரியாபட்டி): எங்க தோட்டத்துல நிக்கிறது நாட்டுக்கருவேலமா சீமையான்னு கொழப்பமா இருக்கு. வண்டிக்காரர் எல்லாத்தையும் எடுத்துருவோம்ங்கிறாரு. பனையும் ஒரு வரிசை நிக்கிது.

பதில்: பூவப் பாருங்க. நாட்டுக்கருவேலத்துக்கு உருண்டையா மஞ்சப் பூவு, காய் பாசிமணி கோத்த மாதிரி வெத வெதயா இடுங்கி இடுங்கி சாம்பக் கலர்ல தொங்கும். சீமைக்குப் பூவு விரல் நீளத்துக்கு வெளிறுன மஞ்சள்ல தொங்கும், காய் அவரை கணக்கா தட்டையா இருக்கும், பழுத்தா மஞ்சள், கடிச்சா இனிக்கும். நாட்டுக்கருவேலம் ஏர், வண்டிச்சக்கரம் செஞ்ச மரம், பல்லு வெளக்குன குச்சி, அத நிறுத்துங்க. வன்னி, குடைவேலம், வேம்பு, இலந்தை இதுகளையும்தான். வண்டி வர்றதுக்கு மொத நாள் சுண்ணாம்பு கரைச்சு நிறுத்த வேண்டிய மரத்துல பட்டையா அடிச்சு வச்சுருங்க, "வெள்ள அடிச்சதத் தொடாத"ன்னு டிரைவர்கிட்டச் சொன்னாப் போதும், விளக்கமே வேணாம்.

பனைய மட்டும் தொட்றாதீங்க. பட்டா நிலமா இருந்தாலும் பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லிட்டாங்க. சந்தனம், தேக்கு மாதிரி நின்னாலும் வனத்துறையக் கேக்காம கை வைக்காதீங்க.

கேள்வி (உசிலம்பட்டி): அண்ணே, நான் ஒரு பொம்பள தனியா இத எடுத்துப் பண்ணப் போறேன், வண்டி எறக்குறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பாக்கணும்?

பதில்: நல்ல கேள்விம்மா, இதத்தான் யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க.

மொதல்ல கெணறு. நம்ம பக்கம் தரிசாக் கெடக்குற காட்டுல கைப்பிடிச் சுவரு இல்லாத பாழுங்கெணறு ஒன்னாவது இருக்கும். முள்ளு ரெண்டு பக்கமும் வளந்து மேல கூரை மாதிரி மூடிக்கும், பத்தடி தூரத்துல நின்னாலும் தெரியாது. அதுக்கு ஓரத்து மண்ணு பொதபொதன்னு இருக்கும், வண்டி வெயிட்டுக்கு சரிஞ்சா டிரைவரோட உள்ள போயிரும். ஊர்ல அறுபது எழுபது வயசு ஆளு ஒருத்தரக் கூட்டிட்டுப் போயி "இங்கன எங்க தண்ணி எறச்சாங்க?"ன்னு கேளுங்க, மாடு பூட்டித் தண்ணி எறச்ச கமலைக் கல்லு, பழைய வாய்க்கா எது கெடக்குன்னு பாருங்க, அங்கன கம்பு நட்டு செவப்புத் துணி கட்டிருங்க.

அடுத்து எல்லைக்கல்லு. எப்எம்பி, அதான் உங்க நிலத்தோட அளவு வரைபடம், அத எடுத்து, சர்வேயர வச்சு அளந்துட்டு அப்புறம் வண்டி எறக்குங்க, இப்ப ஆன்லைன்லயே மனு போடலாம். வண்டி கல்லப் பேத்துருச்சுன்னா அப்புறம் பங்காளியோட ஒரு தலமுறைக்கு மல்லுக்கட்டணும். முள்ளுக்குள்ள எது எல்லைன்னு தெரியாமதான் அம்புட்டு நாளும் சமாதானமா இருந்திருப்பீங்க!

மூணாவது சாமி. புதருக்குள்ள கருப்பு, முனி, நாகம்னு ஏதாவது கல்லு இருக்கும், யாரோ ஒரு குடும்பம் வருசத்துக்கு ஒருதரம் வந்து பொங்க வச்சுட்டுப் போவாங்க. நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம், ஆனா சொல்லாமப் பேத்தா வண்டி ஊர விட்டு வெளிய வராது. டிரைவருகளே சூடம் கொளுத்தாம சாவியத் தொட மாட்டாங்க, ஒரு தேங்கா பழம் வாங்கிக் குடுத்துருங்க.

ஈபி கம்பி கீழ வேலை இருந்தா லைன்மேன்கிட்டச் சொல்லி லைன நிறுத்துன பெறகுதான் பக்கெட்டத் தூக்கணும்.

கேள்வி (மேலூர், அரிட்டாபட்டிக்குப் பக்கம்): செம்மண்ணு, பாறை ஓரம் ரெண்டு ஏக்கர். எப்ப பண்ணலாம்?

பதில்: அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேத்து 2022 நவம்பர்ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சிருக்காங்க, தமிழ்நாட்டுலயே அதான் மொதலாவது. அந்த எல்லைக்குள்ளயோ ஒட்டியோ உங்க சர்வே நம்பர் வருதான்னு விஏஓ, வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் ரெண்டு பக்கமும் கேட்டுட்டு வண்டிய கூப்பிடுங்க. பாறையத் தொடவே வேணாம்.

காலம்னா, கோடை மழை ஒன்னு ரெண்டு பேஞ்சு மண்ணு எளகுன நேரம் செம்மண்ணுக்கு அருமையா இருக்கும், தூரு வேரோட வழுக்கிட்டு வரும். கரிசல்காரங்க மழை பேஞ்ச ஒடனே எறக்காதீங்க, செயின் வண்டியே புதஞ்சு அத எடுக்க இன்னொரு வண்டி வேணும், மேல காஞ்சு உள்ள ஈரம் இருக்குற பதத்துல எறக்குங்க. எந்த மண்ணா இருந்தாலும் ஐப்பசி மழைக்கு முன்ன வரப்புப் போட்டு முடிச்சுருங்க, அதுலயும் உங்களுது சரிவு. வெறுந்தரையா விட்டா ஒரே மழையில மேல் மண்ணு கண்மாய்க்குப் போயிரும்.

கேள்வி (திருமங்கலம்): பாம்பு நெறைய இருக்குமே, ஆளுக பயப்படுறாங்க. மயிலு வேற.

பதில்: இருக்கும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ரெண்டும் இந்தக் காட்டுக்காரங்கதான். வண்டி ஓடுற சத்தத்துக்குப் பாதி வெளிய போயிரும், ஆபத்து எங்கன்னா ரெண்டு நாளு குவிச்சுப் போட்ட முள்ளுக்கு அடியில கைய விடுறப்ப. பூட்ஸ் இல்லாம யாரையும் உள்ள விடாதீங்க. கடிச்சா கட்டுறது, கீறுறது, பச்சிலை எதுவும் வேணாம், கடிபட்ட கால அசைக்காம நேரா ஜிஹெச், ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கு. மயிலு தரையிலதான் முட்டை விடும், அதத் தொட்டா வனச்சட்டப்படி கேஸு, அந்தப் புதர மட்டும் விட்டுட்டு குஞ்சு போன பெறகு எடுங்க.

கேள்வி (கமுதி): எல்லாரும் அழி அழிங்கிறீங்க. எங்க பக்கம் விறக மூடி எரிச்சுக் கரியாக்குற கரிமூட்டம் இல்லேன்னா அடுப்பு எரியாது. மழை இல்லாத வருசத்துல சோறு போட்டது இந்த மரந்தான்.

பதில்: உண்மைண்ணே, மறுக்கல. எங்கயோ மெக்சிகோ பக்கத்து மரம், வறட்சிக்கு விறகாகும்னுதான் கொண்டாந்தாங்க, அந்த வேலைய அது செஞ்சுச்சு. தண்ணியே இல்லாத உவர் காட்டுல வேற எதுவும் வராதுன்னா வச்சு வெட்டி வித்துக்கங்க, நான் குறுக்க நிக்கல. வெள்ளாமை வர்ற மண்ணுலயும் கண்மாய்க்குள்ள தண்ணி நிக்கிற உள்வாய்லயும் நிக்கிறதுதான் எனக்கு ஆகாது. ஆனா கண்மாய்ல நிக்கிற மரத்த நாமளா வெட்டக் கூடாது. கண்மாய்த் தண்ணி பாயுற நிலம், அதான் ஆயக்கட்டு, 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, கீழன்னா ஊராட்சி ஒன்றியம், அங்க கேட்டு முறையாத்தான் பண்ணணும்.

கேள்வி (செக்கானூரணி): போன வருசம் தூரோட எடுத்துட்டோம்ணே. இப்ப காடு பூராம் சின்னச் சின்னதா மொளைக்கிது. எருவுக்கு ஆட்டுக்கெடை போடலாம்னு இருக்கோம்.

பதில்: அது தூரு இல்ல, வெத. மண்ணுக்குள்ள வருசக்கணக்குல கெடக்கும், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா வரும். பென்சில் மொத்தத்துக்குள்ள இருக்கும்போதே மழை ஈரத்துல கையால புடுங்குனா முழு வேரோட வந்துரும், காஞ்சப்புறம் புடுங்குனா அந்துக்கும். ரெண்டு மூணு வருசம் விடாம உழவு போட்டு கொளுஞ்சியோ சணப்பையோ சோளமோ வெதச்சு நெழலக் குடுங்க, நெழல்ல இது எந்திரிக்காது.

கெடை போடுங்க, ஆனா சித்திரை வைகாசியில சீமைக்கருவேலங்காய் பழுத்து உதுர்ற நேரத்துல வேணாம். ஆடு பகல்ல பொறம்போக்குல காயத் தின்னுட்டு ராத்திரி உங்க காட்டுல வந்து புழுக்கை போடும், மென்னது போக முழுசா வர்ற வெத நல்லா ஊறி எருவோட மொளைக்கும். மாடுன்னா இன்னும் மோசம், அது மெல்லாம முழுங்கும். ஆடு மேய்க்கிற கீதாரிகிட்ட இத்தன நாளா எங்க மேச்சீங்கன்னு கேட்டுட்டு, காய் முடிஞ்சு ஒரு வாரம் போகட்டும், அப்புறம் கெடைய அமத்தச் சொல்லுங்க.