வசதி குறைவான வீட்டிலிருந்து ஒரு செமஸ்டர் ஜப்பானுக்குப் போகலாமா?

கேள்வி: பல்கலைக்கழக மாணவர் பரிமாற்றத்தில் ஒரு செமஸ்டர் ஜப்பான் போக இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் அவ்வளவு வசதி இல்லை. போகலாமா? படிப்பு தள்ளிப்போகுமா?

போங்கள். வசதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வீட்டில் யாரோ ஒருவர் வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். 2016 செப்டம்பரில் ஃபுக்குவோகாவுக்குப் போய், அடுத்த பிப்ரவரியில் திரும்பினேன். இப்போது விதிகள் மாறியிருக்கலாம், எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் காசு. பரிமாற்றத்தில் போகிறவர்கள் பொதுவாகக் கல்விக் கட்டணத்தை இங்கேயே கட்டுவார்கள், அங்கே தனியாகக் கேட்க மாட்டார்கள். டிக்கெட், விடுதி, சாப்பாடு எல்லாம் நம் தலையில். எனக்கு ஜாசோ என்ற ஜப்பானிய மாணவர் உதவி அமைப்பின் உதவித்தொகை கிடைத்தது. மாதம் 80,000 யென், அப்போது மூவாயிரம் மலேசிய வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. அப்பா சம்பளத்தைவிட அதிகம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இறங்கிய அன்றே அது கைக்கு வந்துவிடாது. மாதாமாதம் அங்குள்ள அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், முதல் பணம் வர எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளிக்காக அம்மா, கடைசியில் முழுசாக எடுக்கலாம் என்று கட்டிவந்த கூட்டுச் சீட்டை நடுவிலேயே தள்ளி எடுத்தார். அதில் எவ்வளவு நஷ்டம் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. நான் கிளம்பும் முன் ஊரில் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். மாலை, பொன்னாடை, படம் எல்லாம் உண்டு. ஒருவர் நாற்பது நிமிடம் சமுதாய முன்னேற்றம் பற்றிப் பேசினார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அதே மனிதரிடம் பல்கலைக்கழகப் பாரத்தில் ஜாமீன் கையெழுத்துக் கேட்டுப் போயிருந்தேன். "எனக்கே வீட்டு லோன் இருக்குப்பா" என்று அனுப்பிவிட்டார். கையெழுத்துப் போட்டது அப்பாவோடு லோரி ஓட்டும் ஒரு அண்ணன். அவருக்கு விழாவில் நாற்காலிகூடப் போடவில்லை. நன்றி கெட்டவன் என்று யாராவது திட்டுவீர்கள், திட்டுங்கள். பொன்னாடை இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

படிப்பு தள்ளிப்போகுமா என்றால், எனக்குப் போனது. தப்பு என்னுடையது. ஐந்து பாடத்துக்குக் கிளம்பும் முன்பே இங்கே ஒப்புதல் வாங்கியிருந்தேன். அங்கே போனதும் நேரம் இடித்ததால் இரண்டை மாற்றினேன், வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது மூன்றுக்குத்தான் கிரெடிட் கொடுத்தார்கள். ஒரு செமஸ்டர் கூடுதலாகப் படித்தேன், பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் அதற்கு வரவில்லை. நீங்கள் ஒரு பாடத்தை மாற்றினாலும் அன்றைக்கே மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

விசா பெரிய தலைவலி இல்லை. சுற்றுலாவுக்கு நமக்கு விசா தேவையில்லை என்பதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள், ஒரு செமஸ்டருக்கு மாணவர் விசா வேண்டும். அங்குள்ள பல்கலைக்கழகம் வாங்கி அனுப்பும் தகுதிச் சான்றிதழ் வந்த பிறகு விண்ணப்பித்தால் போதும். அங்கே தங்கும் இடம் முடிவானதும் 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், மருத்துவக் காப்புறுதியிலும் சேர வேண்டும். பல் வலிக்குப் போனபோது நான் கட்டியது முப்பது விழுக்காடுதான்.

இனி பாட்டி. "சப்பான்காரன் ஊருக்கா?" என்று ஒரு தடவை கேட்டார். அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. 1943-இல், போர்க்காலத்தில், ஜப்பானியர்கள் அவருடைய அண்ணனைத் தோட்டத்திலிருந்து சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். சம்பளம் தருவார்கள் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்களாம். பாட்டிக்கு அப்போது ஏழு வயது. அண்ணன் திரும்பவில்லை, ஒரு படம்கூட இல்லை. இறந்த நாள் தெரியாததால் ஆடி அமாவாசைக்குத்தான் அவருக்கு இலை போடுவோம். கிளம்புகிற அன்று காலை, கறித்தூள் பொட்டலம் இரண்டைப் பழைய துண்டில் சுற்றி என் பையில் வைத்தார். அப்போதும் பேசவில்லை.

டிசம்பர் விடுமுறையில் விடுதி நண்பன் ஒருவனோடு பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் தோக்கியோ போனேன். போரில் இறந்த ஜப்பானியர்களுக்கான யாசுகுனி கோயிலை ஒட்டிய அருங்காட்சியகத்தின் நுழைவுக் கூடத்தில் ஒரு கரி இஞ்சின் நிற்கிறது. சி56 வகை, எண் 31. சயாம்–பர்மா பாதையில் ஓடிய அதே இஞ்சின். கறுப்பு, எண்ணெய் போட்டுத் துடைத்த மாதிரிப் பளபளப்பு, சக்கரம் என் நெஞ்சு உயரம். விளக்கப் பலகையில் எங்களைப் பற்றி ஒரு வரி இருக்குமா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை. நண்பனுக்கு ஒன்றும் தெரியவில்லை. 415 கிலோமீட்டர் பாதை, மலாயாவிலிருந்து கொண்டுபோனவர்களில் தமிழர்கள்தான் அதிகம், என் பாட்டியின் அண்ணனும் அதில் ஒருவர் என்று கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டிச் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. வெளியே வந்து, இயந்திரத்தில் காசு போட்டுச் சூடான டப்பாக் காப்பி இரண்டு எடுத்து, ஒன்றை என் கையில் வைத்தான்.

ஊர் திரும்பியதும் இதைப் பாட்டியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பையன் நல்லவனா?"

"நல்லவன்தான் பாட்டி."

"கறித்தூள் பத்துச்சா?"