ஃபார்மட் செய்த பிறகு "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று வருவது ஏன்?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஃபார்மட் செய்து வாங்கிய லேப்டாப், ஏற்காடு வீட்டுக்கு வந்ததும் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று காட்டுகிறது. புதிதாக வாங்கும்போது ஒரிஜினல் விண்டோஸ் இருந்தது என்கிறீர்கள். சரி, பயப்பட வேண்டாம். விண்டோஸ் 8 காலம் முதல், கம்பெனியே விண்டோஸ் போட்டுத் தரும் லேப்டாப்களில் கீ (விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் லைசென்ஸ் எண்) பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஃபார்மட் செய்தாலும் அழியாது.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் போய் விண்டோஸில் எந்த எடிஷன், ஹோமா ப்ரோவா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான்: மதர்போர்டில் இருப்பது ஹோம் கீ, கடையில் போட்டது ப்ரோ. ஹோம் கீயால் ப்ரோ ஆக்டிவேட் ஆகாது. ப்ரோவிலிருந்து நேராக ஹோமுக்கு இறங்கவும் வழியில்லை. ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 8 ஜிபி பென்டிரைவில் இறக்கி, ஹோமை மறுபடி போட வேண்டும். டவுன்லோட் பல ஜிபி. மலையில் சிக்னல் தடுமாறினால் கீழே சேலத்திலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் நெட்டில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

மதர்போர்டையே மாற்றியிருந்தால், அதே பக்கத்தில் ட்ரபிள்ஷூட் அழுத்தி, ஹார்டுவேர் மாற்றியதாகச் சொல்லிப் பாருங்கள். லைசென்ஸ் முன்பே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு இணைந்திருந்தால் பலன் கிடைக்கலாம்.

லைசென்ஸ் இல்லாமல் திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் கிராக் ஆக்டிவேட்டரை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். பலவற்றில் வைரஸ் சேர்ந்தே வருகிறது, நெட் பேங்கிங் செய்வதும் அதே லேப்டாப்பில்தானே.