ஆடிக் காற்றும் சென்சார் தூசியும்

அன்புள்ள அண்ணாச்சி,

வள்ளியூரில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். ஆடி பிறந்ததும் கையில் வேலை இல்லை. சும்மா இருப்பானேன் என்று பணகுடிப் பக்கம் போய்க் காற்றாலைகளையும் பின்னால் நிற்கும் மலையையும் எடுத்தேன். எல்லாமே துலக்கமாக விழட்டும் என்று லென்ஸ் திறப்பை (அபர்ச்சர்) ரொம்பச் சுருக்கி எஃப்/22 வைத்தேன். லென்ஸை ரோட்டோரத்திலேயே மாற்றினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வானமெங்கும் சாம்பல் நிறப் புள்ளிகள். எந்த லென்ஸ் போட்டாலும் அதே இடத்தில் அதே புள்ளி. காது குடையும் பஞ்சுக்குச்சியில் கொலோன் தொட்டுத் துடை என்கிறான் நண்பன். கீபோர்டுக்கு அடிக்கிற காற்று டப்பா போதும் என்கிறார் ஒரு ஸ்டுடியோக்காரர். ஆவணியில் வரிசையாக முகூர்த்தம் இருக்கிறது. டிஎஸ்எல்ஆர் கேமராதான். படம் பதியும் சென்சாரில் நானே கை வைக்கலாமா?

ஒரு வாசகர், வள்ளியூர்

தம்பிக்கு,

ஆடியில் பணகுடி ரோட்டில் நின்று லென்ஸைக் கழற்றியிருக்கிறீர்கள், துணிச்சல்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பாய்ந்து வருவதால்தான் அந்தப் பக்கமெல்லாம் காற்றாலையே நட்டார்கள். ஆனாலும் எல்லாப் பழியையும் அன்றைய காற்றின்மேல் போட வேண்டாம். பாதிப் புள்ளிகள் போன தை மாசத்திலிருந்தே உள்ளே குடியிருந்திருக்கும். மண்டபத்துக்குள் நீங்கள் எஃப்/2.8, மிஞ்சினால் 5.6 என்று எடுப்பீர்கள். அந்த அகலத் திறப்பில் அவை கண்ணில் படாது.

சென்சாரில் கை வைக்கலாமா என்றால், நீங்கள் நினைத்தாலும் அதைத் தொட முடியாது. அதன் முன்னால் வடிகட்டிக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. தூசி உட்காருவது அதன்மேல்தான். படத்தில் விழுவது அந்தத் தூசியின் நிழல். ட்யூப் லைட் எரிகிற அறையில் சுவருக்குச் சற்று முன்னால் விரலை நீட்டினால் நிழல் மங்கலாகக் கரைந்துபோகும். லைட்டை அணைத்துவிட்டு எட்ட நின்று டார்ச் அடித்தால் விரல் அப்படியே கூர்மையாக விழும். அபர்ச்சரைச் சுருக்குவது டார்ச் அடிக்கிற வேலை. அதனால்தான் எஃப்/22இல் எல்லாம் வெளியே வந்துவிட்டது. காற்றாலைக்கும் மலைக்கும் எஃப்/11 தாராளம். 22க்குப் போனால் ஒளி சிதறிப் படம் முழுக்கக் கொஞ்சம் மழுங்கவும் செய்யும்.

முதலில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். குறைந்த ஐஎஸ்ஓ, எஃப்/22, ஃபோகஸைக் கையால் கலைத்துவிட்டு, வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ எடுங்கள். எடுக்கும்போது கேமராவை லேசாக அசையுங்கள். சுவரின் அழுக்கு கலங்கிப்போகும், சென்சார் தூசி மட்டும் நிற்கும். அதை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்பதை மறக்கக் கூடாது. படத்தில் மேலே இடது மூலையில் உள்ள புள்ளி, கேமராவை எதிரே வைத்து, லென்ஸைக் கழற்றிய வாய் வழியாகப் பார்த்தால் கீழே இடது மூலையில் இருக்கும். இது தெரியாமல் சுத்தமான மூலையைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அப்புறம், கேமராவிலேயே உதறித் தள்ளும் வசதி இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள். 2003இல் ஒலிம்பஸ் இ-1இல் வந்தது, பிறகு எல்லோரும் வைத்துவிட்டார்கள். கண்ணாடியை மீயொலி வேகத்தில் அதிரவைக்கும். காய்ந்த தூசி உதிரும், ஒட்டியது உதிராது.

அதற்கும் மசியாததற்கு ரப்பர் புளோயர். நல்லதாக, பெரியதாக வாங்குங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். மெனுவில் சென்சார் சுத்தம் என்று இருப்பதைத் தேர்ந்தால் முன்னால் நிற்கும் மிரர் மேலே போய் ஷட்டர் திறந்து நிற்கும். பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் ‘பல்ப்’ முறையை வைத்துத் திறக்காதீர்கள். விரல் நழுவினால் ஷட்டர் வந்து மூடும். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். நம்மூர் வெக்கையில் இது கொடுமைதான், ஆனால் நெற்றி வியர்வையையும் துடைத்துவிட்டு உட்காருங்கள், சொட்டு உள்ளே விழுந்தால் கதை வேறு. புளோயரை முதலில் வெறுங்காற்றில் நன்றாக அழுத்தி அதன் வயிற்றுத் தூசியை வெளியேற்றுங்கள். கேமராவின் வாய் கீழே பார்க்கட்டும். புளோயர் மூக்கு உள்ளே எதையும் தொடாமல், கீழிருந்து மேலாக ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். மறுபடி சுவரை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும்.

நண்பர் சொன்ன கொலோனில் வாசனை எண்ணெய் இருக்கிறது, கறை விடும். பஞ்சுக்குச்சி நூலை உதிர்க்கும். காற்று டப்பா அதைவிட மோசம். கொஞ்சம் சாய்ந்தால் உள்ளிருக்கும் திரவமே பீச்சி, கண்ணாடியில் உறைந்து படியும்.

ஊதாமல் எதையும் துடைக்கக் கூடாது என்பதற்கு இந்தப் பக்கத்தில் தனிக் காரணமே உண்டு. சாத்தான்குளம், உடன்குடித் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பாருங்கள். சிவப்பெல்லாம் இரும்புத் துருவின் பூச்சுதான். உள்ளே இருப்பது குவார்ட்ஸ். மோஸ் அளவில் கடினத்தன்மை 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரையைச் சுற்றித்தான். அப்படி ஒரு மணல்துகள் கண்ணாடிமேல் இருக்க, அதன்மேல் துணியை வைத்து இழுத்தால் கோடு விழும். அந்தக் கோட்டை எந்தத் திரவமும் எடுக்காது.

உவரிக் கடற்கரையில் எடுத்திருந்தால் வேறு வழக்கு. உப்புத் துளி காய்ந்து வளையமாக ஒட்டும், ஊதினால் போகாது. சில கேமராவில் ஷட்டர் எண்ணெயே தெறிக்கும். 2012இல் வந்த நிக்கான் டி600இல் இந்தத் தொல்லை பெரிதாகி, கடைசியில் நிறுவனமே இலவசமாக ஷட்டரை மாற்றித் தந்தது. இதற்கெல்லாம் ஸ்வாப் என்கிற தட்டையான துடைப்புக் குச்சியும் சென்சாருக்கென்றே விற்கும் திரவமும் வேண்டும். முழு ஃப்ரேம் சென்சாருக்கு 24 மி.மீ., உங்களுடையது அதைவிடச் சிறிய கிராப் சென்சார் என்றால் 16 மி.மீ. அகல ஸ்வாப். நுனியில் ஓரிரு சொட்டு போதும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கத்தால் ஒரே இழுப்பு, அந்த ஸ்வாப்பைக் குப்பையில் போடுங்கள். விலையைப் பார்த்து இன்னொரு தடவை தேய்க்கிற ஆசை வரும். வேண்டாம்.

அதற்காக ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்று கிளம்பிவிடாதீர்கள். திறக்கத் திறக்கப் புதுத் தூசியும் வரும். எஃப்/11இல் தெரியாத புள்ளியை நான் தொடுவதே இல்லை. எடுத்துவிட்ட படங்களுக்கு லைட்ரூம் மென்பொருளில் ஒரு படத்தில் புள்ளியை அழித்து, அதே திருத்தத்தை மற்றவற்றிலும் ஒட்டிவிடலாம். ஆவணி முகூர்த்தத்துக்கு இந்தக் கேமரா தாராளமாகப் போகலாம், பயப்பட ஒன்றுமில்லை. லென்ஸின் பின்மூடியையும் கேமராவின் பாடி மூடியையும் மட்டும் சட்டைப்பையில் போடாதீர்கள். பையின் நூல்தூசி அப்படியே உள்ளே போகும்.

இரண்டு ஸ்வாப்புக்கும் புள்ளி இடம் மாறவே இல்லை என்றால் அது கண்ணாடிக்கு அடியிலோ, அல்லது கீறலாகவோ இருக்கலாம். அப்போது சர்வீஸுக்கு அனுப்புங்கள். திரும்ப வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன்னால், அங்கேயே எஃப்/22இல் சுவரை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.