கலிங்கத்தில் இல்லாத கல்வெட்டு

அன்புள்ள ஐயா,

படிக்க வசதியில்லாத மாணவர்களுக்குக் கட்டணம் கட்டும் ஒரு சிறு குழுவை நண்பர்கள் பத்துப் பேர் ஆறு ஆண்டுகளாக நடத்துகிறோம். நான்தான் தலைவர். அறம் சார்ந்த தலைமை என்பது என்ன? அது பிறவிக் குணமா, பழகிக்கொள்ளக் கூடியதா? ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இன்று அப்படி யார் இருக்கிறார்கள்? இதைப் பற்றி என்னென்ன படிக்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

சென்ற ஆண்டு எங்களில் ஒருவர் குழுவின் பணத்தில் கைவைத்துவிட்டார். பெயர் கெட்டுவிடக் கூடாது என்று சத்தமில்லாமல் அவரை விலக்கிவிட்டு, பணத்தை நாங்களே போட்டு ஈடுகட்டினோம். இரண்டு மாணவர்களுக்கு மட்டும் கட்டணம் தாமதமானது. வங்கியில் தாமதம் என்று சொல்லிச் சமாளித்தோம். அதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ர.

*

அன்புள்ள ர.,

பிறவிக் குணமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு என்ன பதில் வந்தாலும் நீங்கள் நாளைக்குச் செய்ய வேண்டியது மாறாது. படிக்க வேண்டியவற்றின் பட்டியலும் தரப்போவதில்லை. இப்போது உங்களுக்குத் தேவை படிப்பு இல்லை.

சாஸ்திரியைப் பற்றிச் சொன்னது உண்மைதான். 1956-இல் மகபூப்நகர் விபத்துக்குப் பிறகே அவர் ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அரியலூர் விபத்து நடந்தபோது மறுபடியும் கொடுத்தார், ஏற்கப்பட்டது. பெரிய செயல். ஆனால் "இன்று அப்படி யார் இருக்கிறார்கள்" என்று கேட்கும்போது நாம் செய்வது வேறு. இல்லாதவர்களைக் காட்டி, இருக்கும் நாம் தப்பித்துக்கொள்கிறோம். பத்துப் பேருக்கு நீங்கள் தலைவர் ஐயா. உங்களிடம் இருக்கிறதா என்றுதான் நீங்கள் கேட்க வேண்டும்.

நான் சில மாதங்களாக அசோகரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவருடைய 13-ஆம் பாறைக் கல்வெட்டு தெரிந்ததுதான். கலிங்கப் போரில் ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதைப் போலப் பல மடங்கு பேர் மாண்டார்கள் என்று ஜெயித்த அரசனே சொல்கிறான். அதற்காக வருந்துகிறேன் என்கிறான். ஜெயித்தவன் இப்படிக் கல்லில் வெட்டிவைத்ததற்கு ஈடாக எனக்கு வேறொன்று தெரியாது. சிறுவயதிலிருந்து அந்த வரிகள் மேல் எனக்குத் தீராத பிரியம் உண்டு.

அந்தக் கல்வெட்டு குஜராத்தின் கிர்னாரில் இருக்கிறது, உத்தராகண்டின் கால்சியில் இருக்கிறது, இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கடியில் இருக்கிறது. போர் நடந்த கலிங்கத்தில், அதாவது இன்றைய ஒடிசாவில், இல்லை. அங்கே தௌலியிலும் ஜௌகடாவிலும் அசோகரின் மற்றப் பாறைக் கல்வெட்டுகள் வரிசையாக வருகின்றன. 11, 12, 13 மூன்றையும் காணோம். அவற்றின் இடத்தில் வேறு இரண்டு கல்வெட்டுகள். எல்லா மனிதரும் என் பிள்ளைகள், யாரையும் காரணமில்லாமல் சிறையில் அடைக்காதீர்கள் என்று அதிகாரிகளுக்குச் சொல்பவை. நல்ல வார்த்தைகள், சந்தேகமே இல்லை. ஆனால் யாருடைய அப்பனும் மகனும் செத்தார்களோ அவர்களிடம், "நான்தான் செய்தேன், வருந்துகிறேன்" என்று சொல்லவில்லை. ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்ற ஆட்சி விவேகம் காரணமாக இருக்கலாம். இருக்கட்டும். தொலைவில் இருப்பவர்களிடம் வருந்துவது எளிது. பாதிக்கப்பட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போதுதான் தொண்டை அடைக்கும். அசோகராலேயே முடியாத இடம் அது என்று நினைக்கும்போது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வருகிறது.

1970 டிசம்பர் 7 அன்று போலந்தின் வார்சாவில், நாஜிகளை எதிர்த்த யூதர்களின் எழுச்சி நினைவுச் சின்னத்தின் முன், மேற்கு ஜெர்மனியின் அரசுத் தலைவரான சான்சலர் வில்லி பிராண்ட் மண்டியிட்டார். அவர் நாஜி அல்ல. நாஜிகளுக்குத் தப்பி நார்வேக்கு ஓடியவர். தான் செய்யாத குற்றத்துக்கு, அது நடந்த இடத்துக்கே போய் மண்டியிட்டார். அவர் நாட்டில் அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் 48 சதவீதம் பேர் அது மிகை என்றார்கள்.

நான் ஒரு பத்திரிகையில் மெய்ப்புப் பார்ப்பவனாகச் சேர்ந்த புதிது. ஒரே பக்கத்தில் இரண்டு படங்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இன்னொருவர் மோசடி வழக்கில் கைதானவர். கீழே பெயர்கள் மாறிவிட்டன. நான் பார்த்து ஒப்பம் போட்ட பக்கம். இதழ் வந்த மறுநாள் காலை எங்கள் பத்திரிகை ஆசிரியர் "கிளம்பு" என்றார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டுக்குப் போனோம். உட்காரச் சொன்னார்கள், எங்கள் பத்திரிகை ஆசிரியர் உட்காரவில்லை. "நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். "யார் செய்தது?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். "பத்திரிகையில் இருப்பது என் பெயர்தான்" என்றார் இவர். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேஜைமேல் எங்கள் இதழ் விரித்தபடி கிடந்தது. படத்தின் கீழே அச்சாகியிருந்த பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு, தன் பெயரை நல்ல கையெழுத்தில் அந்த மனிதரே எழுதிவைத்திருந்தார். எனக்கு இன்றும் அந்த நீல மை எழுத்து ஞாபகம் இருக்கிறது. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே அளவில் படத்தைப் போட்டுத் திருத்தம் வெளியிட்டோம்.

அதே பத்திரிகை ஆசிரியர் சில வருஷம் கழித்து, முதலாளிக்கு வேண்டிய ஒருவரைப் பற்றிய தவறான செய்தியில் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டேன். "விடு" என்றார். அன்றைக்கு அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவரை நான் வெறுக்கவில்லை, வெறுக்க முடியாது. ஆனால் முன்பு செய்ததை வைத்துப் பின்னால் ஓட்ட முடியாது என்று அவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணத்தை ஈடுகட்டியது நல்லதுதான். கை கடித்திருக்கும், தெரிகிறது. ஆனால் கட்டணம் கட்டாத அந்த நாட்களில் அந்த இரண்டு பிள்ளைகளும் யாரிடம் என்ன பதில் சொல்லிக்கொண்டு நின்றிருப்பார்கள்? உங்கள் பொய்யை உண்மை என்று நம்பி, அதைத்தானே அங்கே திருப்பிச் சொல்லியிருப்பார்கள்? குழுவின் பெயரைக் காப்பாற்ற அவர்கள் வாயைக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு எழுதுவது சுலபம், நான் தூரத்தில் இருக்கிறேன்.

நன்கொடையாளர்களுக்கு அப்புறம் எழுதலாம். முதலில் அந்த இருவரையும் நேரில் போய்ப் பாருங்கள். எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டாம். வங்கியில் தாமதம் இல்லை, எங்கள் பக்கம்தான் தவறு, நான் பொய் சொன்னேன் என்று சொல்லுங்கள். அவர்கள் கோபப்பட்டால் நின்று கேளுங்கள். பெரும்பாலும் கோபப்பட மாட்டார்கள், "பரவாயில்லை சார்" என்பார்கள். அதைக் கேட்டதும் திரும்பி வந்துவிடாதீர்கள். கட்டணம் தாமதமானதால் என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.