ஃபிரிட்ஜ் சந்தேகங்கள்: ஷாக் முதல் சாம்பார் வரை

ஃப்ரீசரில் ஐஸ் பாறை போலக் கட்டிவிட்டது. கத்தியால் கொத்தி எடுக்கலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

கூடவே கூடாது. டைரக்ட் கூல் ஃபிரிட்ஜில் (ஃப்ரீசரில் ஐஸ் கட்டும் வகை) கேஸ் ஓடும் பாதை ஃப்ரீசர் சுவரிலேயே இருக்கிறது. கத்தி முனை பட்டுப் பொத்தல் விழுந்தால் பெரும்பாலும் ஃப்ரீசரையே மாற்ற வேண்டி வரும். செலவு மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு. இப்போது வரும் வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் கேஸ் வகையறா, தீப்பற்றும். குத்திய இடத்தில் 'உஸ்' என்று கேட்டால் அடுப்பையும் அங்கிருக்கும் ஸ்விட்ச், பிளக் எதையும் தொடாமல் ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கால் அங்குலம் ஐஸ் சேர்ந்ததுமே டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட்டால் இந்தக் கேள்வியே வராது. அவசரமென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்துக் கதவைத் திறந்துவையுங்கள்.

சாம்பாரைச் சூடாக உள்ளே வைக்கலாமா?
- வாசகர், கோவை

ஆவி பறக்க வேண்டாம். அதற்காக ராத்திரி முழுக்க மேடையில் ஆற வைப்பதும் தவறு. சமைத்து 2 மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும், கோடையில் 1 மணி நேரம். பெரிய குண்டானை அப்படியே தள்ளாமல் சின்னப் பாத்திரங்களாகப் பிரித்தால் சீக்கிரம் ஆறும். சோற்றில் கூடுதல் கவனம் தேவை. நெடுநேரம் வெளியில் கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா நஞ்சை உண்டாக்கிவிட்டால், திரும்பச் சுடவைத்தாலும் அது போகாது.

எங்கள் ஃபிரிட்ஜ் சரியாகக் கூல் ஆகவில்லை. என்ன செய்வது?
- வாசகர், வேலூர்

என்ன வகை, எத்தனை வருடம் ஆயிற்று, ஃப்ரீசராவது வேலை செய்கிறதா, ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் எப்படிச் சொல்வது? கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பில்லாமல் வந்தால் கேஸ்கெட், அதாவது கதவோர ரப்பர், போய்விட்டது. அது சரியாக இருந்தால் விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கதவைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு திறந்து சமாளிக்கிறோம். ஸ்டெபிலைசர் வைத்தால் சரியாகுமா?
- வாசகி, மதுரை

ஆகாது. ஸ்டெபிலைசர் பார்ப்பது வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தை மட்டும். நீங்கள் சொல்வது எர்த் பிரச்சினை. படித்து முடித்ததும் மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள், எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மாட்டாதீர்கள். 'லேசாக' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. இன்று லேசாக அடிப்பது, நாளை ஈரக்கையும் வெறுங்காலுமாக ஒரு குழந்தை தொடும்போது லேசாக இருக்காது.

மூன்று பின் பிளக்கில் பெரிய பின் சும்மா வைக்கப்பட்டதல்ல. உள்ளே எங்காவது ஒயர் தேய்ந்து பாடியில் கரண்ட் வந்தால், அதைத் தரைக்குக் கொண்டுபோவது அந்தப் பின்தான். ஆனால் எத்தனையோ வீடுகளில் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் ஒயரே இருக்காது. அந்தப் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருப்பதையும் பார்க்கிறேன்.

இன்னும் மோசமானது, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு 'எர்த் கொடுத்தாச்சு' என்று சொல்லும் வேலை. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் ஃபிரிட்ஜ் பாடி முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

எலெக்ட்ரீஷியன் டெஸ்டரை மட்டும் வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. சாக்கெட்டையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், அந்தத் துண்டு ஒயர் மீட்டரில் தெரியாது. கையோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச், ஒன்றும் போட்டுவிடுங்கள். அதன் விலை உயிருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

காய்கறி டிரேக்கு அடியில் தினமும் தண்ணீர் தேங்குகிறது. ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடல்.
- வாசகர், திருநெல்வேலி

பின்சுவரின் கீழே இருக்கும் வடிகால் ஓட்டை அடைத்திருக்கும். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான தண்ணீரைச் செலுத்தினால் பெரும்பாலும் திறந்துவிடும். கம்பி விட்டுக் குடையாதீர்கள்.

அப்பாவின் இன்சுலினைக் கதவில் வைக்கிறோம். சரியா?
- வாசகி, சென்னை

கதவில் வேண்டாம், திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள், பின்சுவரில் ஒட்டாமல் வையுங்கள். தவறிப்போய் உறைந்துவிட்டால் உருகியபிறகும் போடக் கூடாது.

கரண்ட் போனால் உள்ளிருப்பது எவ்வளவு நேரம் தாங்கும்?
- வாசகர், கடலூர்

திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம். நிரம்பிய ஃப்ரீசர் என்றால் 2 நாள் பக்கம்.

இரவில் அணைத்து வைத்தால் கரண்ட் மிச்சமாகுமா?
- வாசகி, ஈரோடு

மிச்சமாவதைவிடக் கெட்டுப்போவது அதிகம். அணைக்காதீர்கள்.

பழுதான பழைய ஃபிரிட்ஜை மொட்டை மாடியில் வைத்திருக்கிறோம். தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கலாமா?
- வாசகர், சேலம்

கதவோடு வைக்காதீர்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போய் மூடிக்கொண்டால் காற்றும் போகாது, கத்தினாலும் வெளியே கேட்காது. முக்கியமாக, கொக்கி வைத்த பழைய கதவை உள்ளிருந்து திறக்கவே முடியாது. இன்றைக்கே கதவைக் கழற்றிவிடுங்கள்.