ஆரஞ்சு கவுன்டி எப்படிப் பிரிந்தது?

டிஸ்னிலாந்து இருக்கும் அனஹைம் நகரம் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில்தானே வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கவுன்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. 1889 வரை அனஹைம் அங்கேதான் இருந்தது; அதன் பிறகு ஆரஞ்சு கவுன்டிக்கு வந்துவிட்டது.

1850-ல் கலிஃபோர்னியாவை 27 கவுன்டிகளாகப் பிரித்தார்கள். அன்றைய லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி இன்றைக்கு இருப்பதைவிட மிகப் பெரியது. 1853-ல் சான் பெர்னார்டினோ பிரிந்தது. 1866-ல் வடக்கில் ஒரு பகுதி கெர்ன் கவுன்டிக்குப் போனது.

ஆரஞ்சு கவுன்டி கதைதான் சுவாரசியம். 1870 வாக்கிலேயே தனிக் கவுன்டி கேட்டுக் கிளம்பியது அனஹைம்தான். கோர்ட், பத்திரம் என்று எதற்கெடுத்தாலும் லாஸ் ஏஞ்சலஸ் வரை அலைய வேண்டியிருந்தது. கட்டுகிற வரிக்கு ஏற்ற ரோடும் பாலமும் தங்கள் பக்கம் வரவில்லை என்ற குறையும் இருந்தது. என்னைக் கேட்டால், நியாயமான கோரிக்கை.

ஆனால் காரியம் கைகூடும் நேரத்தில் எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது. சான் கேப்ரியல் ஆற்றை எல்லையாக வைத்திருந்தால் அனஹைம் நடுவில் வந்திருக்கும். அதற்குப் பதிலாகக் கிழக்கே தள்ளியிருக்கும் கொயோட்டி ஓடையை எல்லையாக்கினார்கள். அனஹைம் ஓரத்துக்குப் போனது, போட்டி ஊரான சான்டா அனா நடுவுக்கு வந்தது. இத்தனை வருஷம் பிரிவினை கேட்ட அனஹைமே கடைசியில் எதிர்த்து நின்றது!

எதிர்ப்பு எடுபடவில்லை. 1889 ஜூனில் அந்தப் பகுதி மக்கள் பெருவாரியாகப் பிரிவினைக்கு ஓட்டுப் போட்டார்கள். ஆகஸ்ட் 1-ல் புதிய கவுன்டி செயல்படத் தொடங்கியது; தலைமையிடம் சான்டா அனா.